இரண்டு நாள் பதில்

என் போனில் ஒரு செய்தி இருக்கிறது. "கோபமெல்லாம் இல்ல சார்" என்று நான் அனுப்பியது. அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு டிக். அது இரண்டாகப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் தினம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அங்கே பிசிக்ஸ் சாருக்கு வாயேஜர் என்றால் உயிர். நாங்கள் டவுசரும் பாவாடையுமாகத் திரிந்த காலத்தில் ஏவிய விண்கலம், கிரகங்களைத் தாண்டி, சூரியக் காற்று ஓய்கிற எல்லையையும் கடந்து போய்க்கொண்டே இருப்பதை, சொந்த அண்ணன் பிரான்சுக்குப் போன கதை மாதிரி சொல்வார். ஒரு அறிவியல் கண்காட்சிக்குப் பெரிய தேங்காய் ஒன்றைச் சூரியனாகப் பள்ளி வாசலில் வைத்தார். பூமி, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கடுகு. அந்த அளவில் வாயேஜர் எங்கே இருக்கும் என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னார். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஏரிக்கரை தாண்டி அவர் குடியிருந்த தெரு.

"இன்னா டீச்சர் சொல்றீங்க! அப்போ வாயேஜரு எங்க வூட்டாண்டதான் நிக்குதா?" அன்று முழுக்க மனுஷன் தரையில் நிற்கவில்லை.

எனக்கு வாய் நீளம். பாடவேளை மாற்றியதற்கெல்லாம் ஸ்டாஃப் ரூமில் அவரோடு சண்டைக்கு நின்றிருக்கிறேன். அவர்தான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாயேஜரிடம் ஒன்று கேட்டால் கேள்வி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள், பதில் வர இன்னொரு நாள். "கோவமா இருந்தா ரெண்டு நாளு கழிச்சி பதில் சொல்லுங்க டீச்சர். சிக்னல் போய்ட்டு வரட்டும்" என்பார். பல வருஷம் அப்படியே ஓட்டினோம். மூன்றாம் நாள் எதற்குச் சண்டை என்பதே மறந்து டீ குடித்துக்கொண்டிருப்போம்.

பிறகு அவருக்கு உடம்பை ஒவ்வொரு பாகமாக முடக்குகிற ஒரு நரம்பு நோய் வந்தது. முதலில் விரல்கள் சாக்பீஸை விட்டன. அப்புறம் பைக். அப்புறம் கால். வாயேஜரில் மின்சாரம் குறையக் குறைய ஹீட்டரையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார், நாக்கு இன்னும் கொஞ்சம் புரண்டுகொண்டிருந்தபோது. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணாலும் ஆன்டெனா மட்டும் பூமியப் பாத்துக்கினே இருக்கும் டீச்சர்." அதற்குப் பிறகு பேச்சும் போனது. வலது கட்டைவிரல் ஒன்று மிச்சம். அதை வைத்துப் போனில் தட்டுவார்.

தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு மெஷின் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். வேண்டாம் என்று தட்டிக் காட்டிவிட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவர் மனைவி முன்னாலேயே கத்தினேன். "சாவுறதுக்கு அப்படி இன்னா சார் அவசரம்?" அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறென்ன செய்வார், பாவி நான். சாயங்காலம் செய்தி வந்தது: "கோவமா டீச்சர்?"

கோபம்தான். கோபம் என்பதா, அவர் இல்லாத ஸ்டாஃப் ரூமை நினைத்த பயம் என்பதா, தெரியவில்லை. இரண்டு நாள் கிடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வழக்கம்தானே, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பதில் அனுப்பினேன். ஸ்கூட்டரை எடுப்பதற்குள் தலைமையாசிரியர் ஓடிவந்தார். சார் மதியமே போய்விட்டாராம்.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி சொன்னார்: "ஞாயித்துக்கெழமலேந்து போன நெஞ்சு மேலயே வெச்சிக்கினு இருந்தாரு டீச்சர். சார்ஜ் போடக்கூட எடுக்க வுடல. செவ்வாய்க்கெழம காலைல அதுவே அணைஞ்சி போச்சி." அந்தப் போனை அதன்பின் யாரும் சார்ஜில் போடவில்லை. பீரோவில் கிடக்கிறது.

போன வாரம் செய்தியில் பார்த்தேன். வாயேஜரில் இன்னொரு கருவியையும் அணைத்துவிட்டார்களாம். இங்கிருந்து கட்டளை அனுப்பி, காத்திருந்து, அதுவும் சரியென்று பதில் அனுப்பியிருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து. பார்த்ததும் சாரிடம் சொல்லவேண்டும் என்று போனைத்தான் எடுத்தேன். அதே ஒற்றை டிக்.

வாயேஜருக்கு இரண்டு நாள் ஆகும், நியாயம். பள்ளி வாசலிலிருந்து சார் வீட்டுக்கு என் ஸ்கூட்டரில் ஐந்து நிமிஷம்.