முன்கால் அறுத்த நாற்காலி

புது வீட்டுக்கு நாற்காலி வாங்க வேண்டும் என்று மருமகள் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், பக்கவாட்டில் கவராயத்தை விரித்து வைத்தது போன்ற கால்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த நவீன பாணியாம், அரிய பொருளாம். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்று தெரிந்தால் அந்தக் கடைக்காரர் அழுதாலும் அழுவார்.

நாடு விடுதலையடைந்த பிறகு வடக்கே ஒரு மாநிலத்துக்குப் புதுத் தலைநகரை எழுப்பினார்கள். அதன் அலுவலகங்களுக்காக, வெளிநாட்டிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள் யோசித்த நாற்காலி இது. உள்ளூர் மரத்தில் உள்ளூர்த் தச்சர்கள் செய்ய முடிய வேண்டும், வெயில் காலத்தில் முதுகு வேர்க்கக் கூடாது. அதனால்தான் தேக்கும் பிரம்பும். கால்களும் கைப்பிடியும் ஒரே சட்டமாகத் துளையும் நாக்குமாய்க் கோத்திருக்கும். இருக்கை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். உட்கார்ந்தவரின் உடம்பு தானாகவே முதுகுச் சட்டத்தில் போய்ச் சாயும். நாற்காலியின் மொத்த அறிவும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. யாரோ அதைப் பார்த்து வரைந்து, அந்த வரைபடத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்து, எங்கள் பக்கம் அணை கட்ட வந்த பொறியாளர்களின் முகாம் வரை அது வந்துசேர்ந்திருக்க வேண்டும்.

அணை வேலை முடிந்து முகாமைக் காலி செய்தபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். அரசாங்க நாற்காலி அவ்வளவு எளிதில் சாகாது. அது பயனற்றது என்று ஒருவர் சான்று தர வேண்டும். அவருக்கு மேலே இருப்பவர் அதை ஏற்க வேண்டும். பெரும்பாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏற்பார். அதன் பிறகு தண்டோரா, ஏலம். கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்திருந்த என் பெரியப்பா ஏலம் கேட்டது தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்காக. நாற்காலியை அதனோடு சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்போது அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் பேச்சு நடக்கும்போதே முறிந்துவிட்டன. இன்னொன்றும் போனால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் தீர்ப்பெழுதிவிடும், அதற்கு மேல்முறையீடு கிடையாது. சின்னசேலத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்ததும் பெரியப்பா நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார். ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்.

"இன்னாங்க இது, செஞ்சவன் தூங்கிக்கினே செஞ்சிருப்பான் போல. முன்னாடி தூக்கிக்கினு நிக்குது," என்றார் ஆசாரி.

"அதான் கூப்ட்டேன். சம்பந்தி வந்து குந்தணும். கெவர்மெண்டு சாமான்னு அப்பிடியே வுட்டா நம்ம வூடே கோணல்னு நெனைப்பாங்க." இன்னும் ஆகாத சம்பந்தியைப் பெரியப்பா அப்போதே அப்படித்தான் சொன்னார்.

"முன்னங்கால்ல ரெண்டு விரக்கடை எடுத்துட்டா மட்டமாய்டுங்க."

உள்ளிருந்து அத்தை சொன்னாள்: "நல்லாத்தானே கீது அண்ணே. நான் குந்திப் பாத்தேன், சொகமா இருந்துச்சு."

"உன்ன யாரு அதுல குந்தச் சொன்னது?"

விவாதம் அத்துடன் முடிந்தது. ஆசாரி வலது காலை அறுத்தார். இடது கால் உயரமாகத் தெரிந்தது, அதை அறுத்தார். இப்போது வலது கால் உயரமாகத் தெரிந்தது. இப்படி மாறி மாறி நியாயம் வழங்கி முடித்தபோது நாற்காலி முன்பக்கமாகத் தலை குனிந்து நின்றது. மரியாதை தெரிந்த நாற்காலி என்று பெரியப்பாவுக்குத் திருப்தி. பிரம்பு பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கவும் சொன்னார்.

வந்தவர்களுக்குக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் நாற்காலி. கனத்த சரீரம், கஞ்சி போட்ட வேட்டி. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வழுக்கத் தொடங்கினார். கைப்பிடியை ஊன்றிப் பின்னால் போவார், பேச்சு நகர நகர அவரும் முன்னால் நகர்ந்து வருவார். ஆர்வமாகத்தான் முன்னுக்கு வருகிறார் என்று நினைத்துப் பெரியப்பா, நாலு தலைமுறைப் பெருமையை நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"நல்லா சாஞ்சி குந்துங்க சம்பந்தி."

"இருக்கட்டுங்க, நீங்க சொல்லுங்க."

அவர் மனைவி கவனித்துவிட்டார். "இன்னா, காலு நடுங்குது? எறங்கி இப்டி பாய்ல குந்துங்களேன்."

"ஒண்ணுமில்ல. நீ சும்மா இரு."

குதிருக்குப் பின்னால் நானும் பெரியப்பா பையனும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். சீர்வரிசைப் பேச்சு வந்தபோது அவர் குதிகாலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து, "உங்க இஷ்டம்" என்றார். நகைப் பேச்சு வந்தது. அதற்கும் "உங்க இஷ்டம்". தாம்பூலத் தட்டு மாறியது. அவர் தூணைப் பிடித்து எழுந்தபோது வேட்டியின் பின்புறம் முழுக்க எண்ணெய், பிரம்புப் பின்னல் அச்சு அச்சாக விழுந்திருந்தது. நாற்காலிதான் கல்யாணத்தை முடித்தது என்று நாங்கள் கரும்புக் கொல்லையில் உருண்டு சிரித்தோம்.

தட்டு மாறுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இடத்தைவிட்டு எழுந்தால், எங்கள் பக்கத்தில் அதற்குப் 'பெண் வேண்டாம்' என்று பொருள். முன்பு வந்த இரண்டு பேரும் எழுந்துதான் போனார்கள். பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் சின்னசேலத்துக்காரர் ஏன் இறங்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கதவிடுக்கில் நின்ற அத்தை, அவ்வளவு வேடிக்கை நடந்தும் சிரிக்காமல், அவருடைய நடுங்கும் முழங்கால்களையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் தெரியவில்லை.