தாய்லாந்து ஏறிய கேஜ்

எனக்கு முன்கோபம் அதிகம். அன்றைக்கு மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கல்லூரியில் மூன்று வருடமாகத் தற்காலிகப் பொருளாதார ஆசிரியை நான். என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, முதல்வர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பாடம், தாய்லாந்து நாணயம் சரிந்த கதை. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியட்டும் என்று, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டான கேஜை உதாரணமாக எடுத்தேன். நாணயம்தான் கேஜ், டாலர் கையிருப்புதான் அதைப் பிடித்திருக்கும் கயிறு. “கயிறு தீர்ந்தது, கேஜ் விழுந்தது” என்றேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

“கயிறு எப்படி மேடம் தீரும்?” என்றாள் முன்வரிசைப் பெண். “பிரேக் இன்னா ஆச்சு?”

“மேடம் ஃபேக்டரி காலனி. சுரங்க ஷாஃப்ட்ட தூரத்துல இருந்துதான் பாத்திருப்பாங்க” என்றான் பக்கத்து வரிசைப் பையன்.

உண்மைதான். என் அப்பா புல்டோசர் செய்யும் இயந்திரத் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். இவர்களோ சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகள். சுரங்கம் மூடிப்போனதால் ஒருவர்கூடக் கேஜில் ஏறியதில்லை, ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் மைனிங் இன்ஜினியர்கள்.

அந்தப் பையன் விடவில்லை. “ஒரு கேஜ் இறங்குனா இன்னொண்ணு ஏறும் மேடம். அதுல யாரு இருந்தா?”

“கடன்” என்று எரிந்து விழுந்தேன். “டாலர்ல வாங்குன கடன். நாணயம் இறங்க இறங்க அது ஏறும்.” சொன்ன பிறகுதான், பாடப்புத்தகத்தைவிட இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அதற்குள் வகுப்பில் வேறு சண்டை. கேஜில் ஆள் ஏறுவதற்கு அடையாளமாக எத்தனை முறை மணி அடிப்பார்கள்?

“மூணு” என்றது கடைசி பெஞ்ச். முதல்வரின் அப்பா கேஜை இயக்கிய டிரைவராம். மனிதர் எழுந்து வந்து, என் சாக்பீஸைப் பிடுங்கிக் கரும்பலகை நிறையப் படம் போட்டார். வேலை போயிற்று என்று ஓரமாக நின்றேன்.

வரைந்து முடித்தவர் முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டார்: “தாய்லாந்து ஏம்மா விழுந்துச்சு?”

“மூணு மணி அடிக்காமயே ஆள ஏத்திட்டாங்க சார். அப்புறம் பயந்துகினு எல்லாரும் ஒண்ணா குதிச்சுட்டாங்க.”

“சரியா மேடம்?”

யோசித்தேன். கேள்வி கேட்பாரில்லாமல் உள்ளே வந்து, பயந்ததும் மொத்தமாக வெளியே ஓடிய அந்நியப் பணம். “சரிதான் சார்.”

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். “நிரந்தரம். அடுத்த வாரம் இலங்கை சரிஞ்ச கதை எடுப்பீங்க இல்ல? உங்க ஃபேக்டரி புல்டோசர வெச்சு சொல்லுங்க. கேஜ் பக்கம் வராதீங்க.”