மீராவுக்கு மட்டும் கிடைத்த கேஸ் அங்கிள்

கேஸ் அங்கிள் போய்விட்டார். நேற்றுக் காலை, வெள்ளவத்தை வீட்டிலேயே... மீராதான் மெசேஜ் போட்டிருந்தாள்.

ஹொலண்ட்காரர். பெயரே கேஸ். "புதுக்கடைக் கோர்ட்டில நடக்கிற கேஸ் இல்ல, நான் வேற கேஸ்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

துறைமுக வேலைக்கு இரண்டு வருட கொன்ட்ராக்டில் வந்தவர். ரஞ்சி அன்ரியைக் கட்டிக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்துவிட்டார்.

எல்லோரும் இங்கே பேஸ்புக்கில் நல்லவர், நல்லவர் என்று எழுதுகிறீர்கள். நல்லவர்தான். ஆனால் நான் உண்மையைச் சொல்கிறேன்... அந்த வீட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் மேல்மாடி, அவர்கள் கீழே. அவருடைய மூத்த மகள் மீராவும் நானும் ஒரே வகுப்பு.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் அப்பா ஹொலண்டுக்குப் போனார். அகதியாக. விசா கிடைத்ததும் எங்களைக் கூப்பிடுவார் என்று அம்மா சொன்னார். முதலில் மாதம் ஒரு போன். பிறகு புதுவருடத்துக்கு ஒன்று. பிறகு... அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

என் அப்பாவை எடுத்துக்கொண்ட நாட்டிலிருந்து வந்த மனுஷன் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து தன் இரண்டு மகள்மாருக்கும் இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருப்பார். பெரிய சிவந்த விரல்கள். வாயில் ரிபன். வகிடு அவ்வளவு நேராக இருக்கும்.

என் அம்மா ஆறரைக்கே புதுக்கடைக்கு பஸ் பிடிக்க ஓடிவிடுவார். ஒரு லோயரிடம் டைப்பிஸ்ட் வேலை. என் பின்னலை நானே பின்னுவேன். கோணல்தான்.

ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, "வாங்கோ மகள், உங்களுக்கும் பின்னிவிடுறன்" என்றார்.

"வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். அன்றைக்கே ஸ்கூல் வானில் மீராவிடம் சொன்னேன்: "உங்கட அப்பா டிக்கட் எடுத்திட்டாராம். ஹொலண்டுக்குப் போறாராம். திரும்பி வரமாட்டாராம்."

முழுப் பொய்.

அவள் இரண்டு நாள் ஸ்கூலுக்கு வரவில்லை. அழுது அழுது காய்ச்சல். அங்கிள் தன் பாஸ்போர்ட்டையே அவளிடம் கொடுத்தாராம், தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ள. "இது உன்னட்ட இருந்தா நான் எங்க போறது?" என்று கேட்டாராம்.

ரஞ்சி அன்ரி இதை என் அம்மாவிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் இன்னும் கூடியது.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அவருடைய தாய் இறந்து அவர் ஹொலண்டுக்குப் போனார். போவதற்கு முன் மேலே வந்து என் அப்பாவின் அட்ரஸைக் கேட்டார். அம்மா கொடுத்தார். நான் என் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன், பின்பக்கம் பெயர் எழுதி.

அவர் அங்கே இருந்த அந்த இரண்டு கிழமையும் மீரா மேல் எனக்குப் பொறாமையே இருக்கவில்லை.

திரும்பி வந்த அன்றே படியேறி வந்தார். கையில் அதே போட்டோ.

"மகள், நான் பொய் சொல்ல மாட்டன். அப்பா கதவு திறந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்திட்டுக் கதவைச் சாத்திட்டார். ஒரு மணித்தியாலம் வெளியில நிண்டனான். திறக்கேல்ல."

எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. முன்னால் நின்ற இந்த மனுஷன் மேல் வந்தது.

"உங்கட மகளுக்கு இப்பிடி முகத்துக்கு நேர சொல்லுவீங்களா, அங்கிள்?"

"என்ர மகளுக்கு இப்பிடிச் சொல்ல வேண்டி வராதே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. கழுத்து வரை சிவந்துவிட்டார். "சொரி மகள்... நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்ல..."

அப்படி நினைத்துச் சொல்லவில்லைதான். ஆனால் அது உண்மை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று வருடம் அவரோடு கதைக்கவில்லை. படியில் கண்டால் குனிந்துகொண்டு போய்விடுவேன். அவர் மட்டும் ஒவ்வொரு நாளும் "குட் மோர்னிங், மகள்" என்பார். பதில் வராது என்று தெரிந்தும்.

பிறகு கதைத்தேன்... ஆனால் என் கல்யாணத்தில் தாரைவார்க்க மாமாவைத்தான் கேட்டேன். கேஸ் அங்கிளைக் கேட்டிருந்தால் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. மீராவின் அப்பாவை ஒருநாளைக்கு இரவல் வாங்க நான் தயாராக இருக்கவில்லை.

போன வருடம் என் அப்பா அங்கே இறந்தார். யாரோ வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

இன்று தெஹிவளையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன். மீரா அங்கிளின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வயதில், செத்தவீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த அழுகையைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். "எங்கட அப்பா போயிட்டாரடி..."

நாங்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வது. எங்கட அப்பா, எங்கட வீடு. அவள் தன்னையும் தங்கையையும்தான் சொன்னாள். தெரியும்.

ஆனாலும் நான், "ஓமடி" என்றேன். "போயிட்டார்."

அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

நாளை பின்னேரம் மூன்று மணிக்குப் பொரளை மயானம். அவரைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ, அங்கிள்.