அடுக்கில் கலந்த தட்டு

பெருவின் தலைநகர் லீமாவுக்கு வீட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து நிகொலாசா யாரையும் எளிதில் நம்புவதில்லை. மலையூரிலிருந்து இறங்கி வந்து முதலில் வேலை பார்த்த வீட்டில், மாலையில் கிளம்பும்போதெல்லாம் அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடுத்த வீட்டில் அன்பாகப் பேசிப் பேசியே சம்பளத்தை இழுத்தடித்தார்கள். இப்போதிருக்கும் ரெபேக்கா அம்மாளின் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. சம்பளம், விடுமுறை, காப்பீடு எல்லாம் சட்டப்படி கிடைத்தன. ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சோப்புத்தூள் பக்கத்தில், அவளுக்கென்று ஒரு நீலத் தட்டும் குவளையும் தனியாக இருந்தன. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள்.

அம்மாளின் மகள் மிக்கேலா சட்டம் படிக்கிறவள். ஒரு சனிக்கிழமை கேட்டாள்: "உன் உரிமையெல்லாம் சரியா கிடைக்குதா நிகொலாசா?"

"கிடைக்குதும்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

நிகொலாசாவின் பார்வை தொட்டிக்குக் கீழே போனது. மிக்கேலாவும் குனிந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. அன்று மதியம் மேஜையில் நிகொலாசாவுக்கும் ஒரு வெள்ளைத் தட்டு வைத்தாள்.

சாப்பிடும் முன் குப்பை கொட்டப் போன இடத்தில், இதைக் கேட்ட பக்கத்து வீட்டு வேலைக்காரி தொரிபியா சிரித்தாள். "மேஜையில சாப்பாடா? ஸ்பூனை எண்ணி வச்சிருப்பாங்கடி, பாத்து!"

நிகொலாசாவுக்கும் அதே எண்ணம்தான். மேஜையில் உட்கார்ந்து கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எதற்காக இந்த உபசாரம்? எதைக் கேட்கப் போகிறார்கள்? ரெபேக்கா அம்மாளோ சிரித்துக்கொண்டே இருந்தார்.

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதானே!"

சாப்பிட்டு முடித்ததும் அவரே எழுந்து வந்தார். "நீ உக்காரு, உன் தட்டை நான் கழுவுறேன்."

இதுவரை அந்த அம்மாள் ஒரு கரண்டியைக்கூடக் கழுவியதில்லை.

சாயங்காலம் சோப்பு எடுக்கக் குனிந்தபோது விடை கிடைத்தது. நீலத் தட்டின் மேல் அந்த வெள்ளைத் தட்டு இருந்தது. இனி அதுவும் அவளுடையது.

காது சூடேறியது. சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. தட்டை எடுத்துத் துடைத்தாள். அலமாரியைத் திறந்து வெள்ளைத் தட்டுகளின் நடுவே செருகினாள். பிறகு சீட்டுக் கட்டைக் குலுக்குவதுபோல மொத்த அடுக்கையும் மாற்றி மாற்றி வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரெபேக்கா அம்மாள் அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"நிகொலாசா, மத்தியானம் நீ சாப்பிட்ட தட்டு எது?"

"தெரியலையேம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"எதா இருந்தா என்னம்மா?" என்றாள் மிக்கேலா மேஜையிலிருந்து.

அம்மாள் தட்டைத் திரும்ப வைத்தார். ஒரு ரொட்டியைக் காகிதத்தில் வைத்து, அடுப்படியில் நின்றபடியே தின்றார்.

நிகொலாசா மேலே இருந்த தட்டில் சூப்பை ஊற்றிக்கொண்டு, மிக்கேலாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.