மாலைக்கடைக்குப் போகும் வழியில் ஒரு தீவு

என் மச்சானுக்கு நீச்சல் தெரியும் என்று நான் நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நாகப்பட்டினத்துக்காரர், அது போதாதா? மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு நாகப்பட்டினம் என்றால் கடல், கடல் என்றால் நீச்சல். அந்த ஊரில் குழந்தைகள் தவழ்வதற்கு முன்பே நீந்திவிடும் என்கிற அளவில்தான் என் பூகோள அறிவு இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே அண்ணன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகளின் கல்யாணத்துக்காக வந்திருந்தார். தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். மாமன் ஒருவர்தான், மாற்று ஆள் கிடையாது. அதனால் பந்தக்கால் ஊன்றிய அன்றே என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அண்ணன் ஆறு, கடல் எதையும் தாண்டக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போயி மாலைக்குச் சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. நேரான்னா நேரா."

கார் கிளம்பியதும் மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்ள, சின்ன வயசுலேர்ந்து கடற்கரையில நின்னு, அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தவன் நான். இப்ப அந்தப் பக்கத்துக்கே வந்துட்டேன். இங்கேருந்து ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

பார்க்கத்தானே, தாண்ட இல்லையே என்று காரைத் துறைமுகப் பக்கம் திருப்பினேன். படகுத்துறைக்குப் போனால் பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு தயாராக நிற்கிறது. தீவும் எங்கள் சிலாங்கூர் மாநிலம்தான், மாநிலத்துக்குள் போய் வருவது தாண்டுவதில் சேராது என்று எனக்குள் இருக்கும் வக்கீல் வாதாடினான். எதிர்த்தரப்பு வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்ததால் ஜெயித்தும்விட்டான்.

படகு நடுவழியில் போகும்போது எதிர்த்தரப்பு போன் செய்தது.

"எங்க இருக்கீங்க?"

"ரயில்ல லா. அங்க பார்க்கிங் கிடைக்காதுன்னு ரயில்ல போறோம்."

"என்ன இப்படி இரையுது?"

"பழைய ரயிலு."

தீவு மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீடெல்லாம் கால் வைத்துக்கொண்டு தண்ணீர்மேல் நிற்கின்றன, கார் கிடையாது, எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். கருவாடு காயும் இடத்தில் நின்று மூச்சை இழுத்து, "நம்ம ஊரு வாசனை மாப்ள" என்றார். இங்கேயே திரும்பியிருந்தால் எழுத விஷயம் இருந்திருக்காது. ஒரு சீன ஆன்டி தன் வீட்டின் பின்பக்கம் கயாக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு. கீழே, அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகும் கால்வாய். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"நம்ம பாசன வாய்க்கால் மாதிரில்ல இருக்கு" என்று மச்சான் வேட்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். உள்ளே கோடு போட்ட பட்டாபட்டி. ஆன்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார், "இவருக்கு நீந்தத் தெரியுமா?"

"நாகப்பட்டினம்" என்றேன், பெருமையாக. ஆன்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் சொன்ன தோரணையில் தலையாட்டிவிட்டார்.

ஆன்டி மாட்டிவிட்ட மிதவைச் சட்டை கழுத்தை அறுக்கிறது என்று அதைக் கழற்றி மடித்து அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார் மச்சான். நல்ல யோசனை என்று நானும் பாராட்டினேன். "நீங்க வரலியா மாப்ள?" என்றார். என் இடுப்புக்கேற்ற படகு இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். "போலாம் ரைட்!" என்று தனக்குத்தானே குரல் கொடுத்துக்கொண்டு துடுப்பைப் போட்டார். வளைவில் திரும்பும்போது கையை ஆட்டினார். அப்புறம் காணவில்லை.

ஒரு சுற்று சுற்றி வருவதாகத்தான் பேச்சு. நான் ஒரு கோப்பி குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். கடல் வற்றும் நேரம், தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக் கால்களில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெளியே தெரிந்தன. ஆன்டி கழுத்தை நீட்டிக் கால்வாயைப் பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

போன் அடித்தது.

"மாலைக்குச் சொல்லிட்டீங்களா? அண்ணன்கிட்ட கொடுங்க."

"அண்ணன் பூவெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காரு."

"சரி. வர்ற வழியில கடல் பார்க்கணும், அது பார்க்கணும்னு கேட்டா கூட்டிட்டுப் போயிராதீங்க. சின்ன வயசுல குளத்துல முழுகி, முடியைப் பிடிச்சுத் தூக்குனாங்க. அதுலேர்ந்து வாளித் தண்ணியிலதான் குளிப்பாரு. கடல்ல கால்கூட நனைக்க மாட்டாரு. கேக்குதா?"

"கேக்குது."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மாலை விலை சொன்னாங்க."

போனை வைத்தபோது என் கையில் இருந்த வேட்டி கனத்தது. எட்டு முழம், சரிகைக் கரை. ஆள் இல்லாத வேட்டியை நான் அதுவரை அப்படிக் கையில் வைத்திருந்ததில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைப் பாதையில் ஓடினேன். ஓடினேன் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் வேறு சொல் வைத்திருப்பார்கள். வளைவைத் தாண்டியதும் கயாக் தெரிந்தது. சேற்றோரம் சாய்ந்து கிடந்தது. உள்ளே மடித்த மிதவைச் சட்டை அப்படியே இருந்தது. துடுப்பு இல்லை, மச்சான் இல்லை.

என் மூளை அந்த நேரத்தில் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட அது யோசிக்கவில்லை. மணவறைக்குப் பெண்ணை யார் அழைத்து வருவது என்று ஒவ்வொரு சொந்தக்காரராகப் போட்டுப் பார்த்து, இவர் சரியில்லை, அவருக்கும் நமக்கும் பேச்சில்லை என்று கழித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஆன்டியும் பின்னாலேயே ஓடிவந்து எதையோ கத்தினார். நான் பக்கத்திலிருந்த ஏணியில் இறங்கி, "மச்சான்!" என்று அலறிக்கொண்டு கால்வாயில் குதித்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூழ்கவில்லை. இன்னும் மோசம். தொடைவரை சேற்றில் இறங்கி நின்றேன், நட்டுவைத்த பந்தக்கால் மாதிரி. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் ஆழமாகப் போனது. ஏதோ காலைச் சுரண்டியது. முதலை என்று முடிவு செய்து, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி இன்னொரு முறை மச்சானைக் கூப்பிட்டேன்.

"ஏன் மாப்ள கத்துறீங்க?"

தலைக்கு மேலிருந்து வந்தது குரல். அடுத்த வீட்டின் பின்பக்கப் பலகையில், பட்டாபட்டியோடு மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா. இருவருக்கும் நடுவில் ஒரு கூடை இறால். துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஆனாலும் சேர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க செத்துட்டீங்க மச்சான்!" என்றேன்.

"யாரு சொன்னா?"

என் தோளில் கிடந்த வேட்டியின் ஒரு முனையை மேலே வீசச் சொன்னார். மச்சானும் தாத்தாவும் மேலிருந்து இழுத்தார்கள், ஆன்டி ஏணியிலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்தேன். கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்தில் ஒன்று காலோடு வரவில்லை.

"நீங்க கரையில நிக்கிறீங்கங்கிற தைரியத்துலதான் நான் படகுலயே ஏறினேன்" என்றார் மச்சான். "கிள்ளான் கடல்காரங்களுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

என் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். தண்ணீர் வற்றியதும் கயாக் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. அவர் துடுப்பால் கெட்டியான இடம் பார்த்து ஊன்றி இறங்கி, பக்கத்து வீட்டு ஏணியில் ஏறிக்கொண்டார். அந்த இடத்தில் அப்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை.