மாமனாரும் நானும் இரண்டு கம்புகளும்

ஒட்டடைக் கொம்பு வாங்கிவரச் சொல்லி வீட்டில் அனுப்பியிருந்தார்கள். கடையில் ஒரு மூங்கிலைக் கையில் எடுத்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பிவிட்டது. மேலே தொங்கிய பிளாஸ்டிக் வாளி தெருவில் போய் விழுந்தது. கடைக்காரர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "சார் கம்பு சுத்துவீங்களா?" என்றார். அந்த வாளியைத் தவிர யாரும் என்னிடம் தோற்றதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

கொம்பில் நல்லெண்ணெய் வாசனை இல்லை. அதுதான் குறை. முப்பது வருஷத்துக்கு முன்னால், அறுபதுகளின் தொடக்கத்தில், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாழைக்காய் மண்டியின் கொல்லையில் சிலம்பக் கூடம் நடந்தது. அங்கே கம்புகளுக்கு மனிதர்களைவிட அதிகமாக எண்ணெய் தேய்ப்பார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டில் வாசம். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். கொடி காட்டியே பேசிப் பழகியவர். தினமும் "சாப்பிட்டாச்சுங்களா?" என்பார். "ஆச்சுங்க" என்பேன். அதோடு வண்டி கிளம்பிவிடும். மரியாதை என்று அதற்குப் பெயர். எனக்கோ மூச்சு முட்டியது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, மனைவிக்குத் தெரியாமல் உறையூரில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தேன். அவருடைய ஒரே மகளைப் பிரித்துக்கொண்டு போகிற காரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மௌனத்திலிருந்து தப்பிக்கத்தான் உடம்பைத் தேற்றக் கிளம்பினேன். போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள். ஒரு தேகப்பயிற்சிச் சாலையில் என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, தம்பி இருந்தால் அனுப்பி வைக்கச் சொன்னார்கள்.

மண்டிக் கொல்லையில் சிலம்ப வாத்தியார் வயதைக் கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்றார், அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரம்மா, அவள் பேத்தி எல்லாரும் ஒரே மண்ணில் நின்றார்கள். சட்டம் ஒன்றுதான்: முன்னால் சேர்ந்தவரே பெரியவர், பின்னால் சேர்ந்தவர் அவர் காலடி மண்ணைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே கம்பெடுக்க வேண்டும். நான் பூக்காரம்மாவின் பேத்தியைக் கும்பிட்டேன். முன்பல் விழுந்த அந்தப் பெரியவர் என்னை ஆசீர்வதித்துவிட்டு முழங்காலில் ஒன்று வைத்தார்.

வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிறு கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு, புதிதாகச் சேர மாமனார் வந்து நின்றார். காவிரியில் குளிக்க அம்மா மண்டபத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவர். தோளில் துண்டு நனையவே இல்லை. புதிதாக வந்தவரை அதற்கு முன் புதிதாக வந்தவரோடு நிறுத்துவது வாத்தியார் வழக்கம். அதாவது, என்னோடு.

கம்பைக் கீழே வைத்துவிட்டேன். இவர் என் காலடி மண்ணைத் தொடுவதைவிட அன்றே உறையூருக்கு மூட்டை கட்டலாம். வாத்தியாரிடம் உறவைச் சொன்னேன். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். பூக்காரம்மா மட்டும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மாமனார் குனிந்தே விட்டார். "கல்யாணத்தன்னிக்கு உங்க காலையே கழுவியாச்சு. மண்ணத் தொடறதுல என்ன வந்துது? கம்ப எடுங்க மாப்பிள்ளை."

எடுத்தேன். வீசினேன்.

"மாமனாருக்கு விசிறி விடுறாரு பாரு" என்றாள் பூக்காரம்மா.

சிரிப்பு அடங்குவதற்குள் மாமனாரின் கம்பு என் தோளில் இறங்கியது. பதறிப்போய், "வலிக்குதுங்களா?" என்றார்.

"வலிக்குதுங்க."

அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அவரிடம் நான் மனம்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் ஏறியதும், "கடைசிப் பெட்டியில தனியாவே போய்ப் பழகிட்டேன். உங்ககிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னே தெரியலைங்க. அதான் நானும் வந்து சேந்தேன்" என்றார். உறையூர் வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆபீஸிலும் அம்மா மண்டபத்திலும் ஒரே நல்லெண்ணெய்தானா என்று மட்டும் என் மனைவி கேட்டாள்.

கொல்லை இருந்த இடத்தில் இன்று லாட்ஜ். வாத்தியார் இல்லை, பூக்காரம்மா இல்லை. மாமனார் போயும் பல வருஷமாகிவிட்டது. தோளில் தழும்புகூட இல்லை. அத்தனை பதமாக அடித்திருக்கிறார், மனிதர்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை வரும்போதெல்லாம் "சாப்பிட்டாச்சுங்களா?" என்கிறேன். "ஆச்சுங்க" என்கிறார். அவரைக் கூட்டிப்போக எனக்கு ஒரு கொல்லை இல்லை. கடைக்காரரிடம் இரண்டு கொம்பாக வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவ்வளவு ஒட்டடை கிடையாது.