நீலம் நின்றால் ஒரு கை சோறு

சுவிசேஷமுத்து வாத்தியாரைப் போல் சோற்றுக்கு ஏங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1916-ஆம் வருஷம், நாற்பத்தெட்டு வயதில், நீரிழிவோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அங்கே கம்பவுண்டர்.

எங்கள் டாக்டர் பிடிவாதக்காரர். இந்த வியாதியின் முடிச்சு சாப்பாட்டில்தான் இருக்கிறது என்பார். முப்பது நோயாளிகள் தின்றதையெல்லாம் நோட்டில் எழுதுவார். தினமும் அவர்கள் கொண்டுவரும் சிறுநீரை நான் நீல மருந்தில் சொட்டவிட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் அப்படியே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் ஏராளம். வாத்தியாருக்குச் சோறு, கருப்பட்டி இரண்டும் கிடையாது. முட்டை, மீன், கீரை, மோர், அவ்வளவுதான். இதற்கு ஜெயிலே மேல் என்று என்மேல் எரிந்து விழுவார். நானா விதித்தேன்? ஆனாலும் பாவமாக இருக்கும். எனக்கே சோறில்லாமல் ஒரு பொழுது போகாது.

எட்டு மாதம் இப்படி ஓடியது.

"தெருவுல எவன் வீட்டுலயாவது சோறு வடிக்குத வாசம் வந்தா, கண்ணு கலங்கிருதுவே" என்பார்.

அவர் மனைவி சாலோமி அம்மாள் கூடவே வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. வந்ததும் எங்கள் பானையிலிருந்து மூன்று செம்பு தண்ணீர் குடிப்பாள். "ஆத்தையே குடிச்சிருவா போலிருக்கு" என்று வாத்தியார் கேலி செய்வார். வெயில் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கோயில் பண்டிகை வந்தது. கடைசி நாள் அசனம். சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவார்கள். டாக்டர் மனமிரங்கி, அன்று காலையில் நீலம் நின்றால் ஒரு கை சோறு என்று வாக்குக் கொடுத்தார்.

அன்று வாத்தியார் புட்டியோடு தனியாக வந்தார். காய்ச்சினேன். எட்டு மாதத்தில் நான் பார்க்காத சிவப்பு.

"என்னவே தின்னீரு?" என்று டாக்டர் கத்தினார்.

வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இது என்னுது இல்ல. சாலோமியோடது. நான் ஏங்குததைப் பாக்க மாட்டாம அவளே தந்தா."

டாக்டர் நோட்டை மூடினார். அந்த வயதில் இது வந்தால் எத்தனை நாள் என்று எங்களுக்குத் தெரியும்; அப்போது இதற்கு மருந்தே கிடையாது. அந்த மூன்று செம்புத் தண்ணீரைத் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கம்பவுண்டர் என்று பேர் வேறு.

"அம்மாவைக் கூட்டிட்டு வாரும். இன்னையிலருந்து அவங்களுக்கும் சோறு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"நாளையிலருந்து, ஐயா" என்றார் வாத்தியார்.

டாக்டர் தலையை ஆட்டினார்.

மத்தியானம் அசனத்தில் நான் சோறு பரிமாறினேன். பெண்கள் பந்தியில் சாலோமி அம்மாள் இலைமுன் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீலந்தான?"

"நீலந்தான்."

"அப்போ போய் உக்காருங்க."

"எனக்கு அடுத்த பந்தி. நீ சாப்பிடு." என் பக்கம் திரும்பினார். "கம்பவுண்டரே, இன்னும் ஒரு கரண்டி வையும்."

வைத்தேன். போதும் போதும் என்று கையால் மறித்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள். கடைசிப் பருக்கைவரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த பந்திக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"பசிக்கலவே" என்றார்.